சர்க்கார் டெண்டரும் துணைக் கொட்டேஷனும்

நம்மவர் கடைகளில் அவ்வப்போது நடக்கும் ஒரு சிறு காரியத்தைப் பற்றி இம்முறை பேச எண்ணுகிறோம். சிராங்கூன் ரோட்டிலோ, டன்லப் ஸ்ட்ரீட்டிலோ ஒரு கடை. ஊர்க்காரர் ஒருவர் வந்து பெட்டியடியில் அமர்கிறார். தேநீர் வருகிறது. ஊர்ச் செய்தியெல்லாம் பேசி முடிந்தபின், "நானா, ஒரு இலாகாவுக்குச் சாமான் கொடுக்கப் பார்க்கிறேன். மூன்று கொட்டேஷன் இருந்தால்தான் காரியம் நடக்கும். உங்கள் கடைத்தாளில் ஒன்று போட்டுத் தாருங்கள். என் விலையைவிட நூறு இருநூறு கூட இருந்தால் போதும்" என்கிறார். மறுக்க மனமின்றி நாமும் சாப்பு அடித்துக் கொடுத்துவிடுகிறோம். இக்காலத்தில் தாளும் வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். நமக்கு இதில் காசு இல்லை, சரக்கும் நம்முடையதன்று. ஓர் உபகாரம் செய்தோம் என்றே நினைக்கிறோம்.

இதைத் துணைக் கொட்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். இது உபகாரந்தானா என்பதை ஆராய, நம் சிங்கப்பூரிலேயே தலைமையகம் வைத்திருந்த ஒரு கப்பல் சப்ளைக் கம்பெனியின் வழக்கைப் பார்ப்பது நல்லது. கப்பல் சப்ளை நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், சிங்கப்பூர் ஆற்றில் சூலியா முஸ்லிம்கள் தோணி ஓட்டிய காலந்தொட்டே, கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இவ்வழக்கின் நுணுக்கம் மற்றவர்களைவிட நமக்கு எளிதில் விளங்கும்.

கம்பெனியின் பெயர் கிளென் டிஃபென்ஸ் மரைன் ஏஷியா. முதலாளி லியோனார்ட் கிளென் பிரான்சிஸ் என்னும் மலேசியர். அமெரிக்கக் கடற்படையின் ஏழாவது பிரிவைச் சேர்ந்த போர்க்கப்பல்கள் ஆசியத் துறைமுகங்களுக்கு வரும்போது, இழுவைப் படகு, குடிநீர், உணவு, எரிபொருள், கழிவு அகற்றல் முதலான எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் பேரில் கவனித்துக்கொண்ட கம்பெனி இது. ஒப்பந்த விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று கப்பலுக்குத் தேவைப்படுவது சகஜம். அப்படிப்பட்ட சமயத்தில் வேறு வியாபாரிகளிடமும் விலை கேட்டு, அந்தக் கொட்டேஷன்களைக் கம்பெனி காட்டவேண்டும். போட்டியில் குறைந்த விலைக்கே வாங்கப்படுகிறது என்பதற்கு அத்தாள்களே சாட்சி.

கம்பெனி அந்தச் சாட்சியையே தயாரித்துக்கொண்டது. உலகத்தில் இல்லாத வியாபாரிகளின் பெயரில் கொட்டேஷன்கள் பிறந்தன. கேட்கப்படாதவர்கள் விலை சொன்னதாகவும் தாள்கள் வந்தன. அவற்றின் விலைகள் யாவும் கம்பெனிக்குச் சாதகமாகவே அமைந்திருந்தன என்று சொல்லவும் வேண்டுமா? துறைமுகக் கட்டணத்துக்கும் இதே வித்தைதான். துறைமுக அதிகாரிகள் கொடுத்ததுபோன்ற போலிக் கட்டணச் சீட்டுகளைக் காட்டி, உண்மைக் கட்டணத்துக்கு மேலே பணம் வசூலித்தனர்.

2013-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் பிரான்சிஸ் கைது செய்யப்பட்டார். 2015 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோடிக்கணக்கில் சர்க்கார் பணத்தைச் சுருட்டியதும், கடற்படை அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததும் அதில் அடக்கம். தண்டனைக்குக் காத்திருந்த நிலையில், 2022-இல் காலில் பூட்டியிருந்த கண்காணிப்புக் கருவியை அறுத்தெறிந்துவிட்டு வெனிசுவேலாவுக்கு ஓடினார். 2023 இறுதியில் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2024 நவம்பரில் 15 ஆண்டுச் சிறையும், கடற்படைக்கு 2 கோடி டாலர் ஈடும் விதிக்கப்பட்டன. கைப்பற்றப்படவேண்டிய பணம் 3½ கோடி டாலர் தனி. நம் ஊரிலும் ஒரு தண்டனை உண்டு. சிங்கப்பூரில் அமெரிக்கக் கடற்படையின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்த ஓர் ஊழியர், டெண்டர் இரகசியங்களைப் பணத்துக்கு இவரிடம் கொடுத்ததற்காக, 2018-இல் சிங்கப்பூர் நீதிமன்றம் 33 மாதச் சிறை விதித்தது.

பத்திரிகைகள் இவ்வழக்கில் விருந்தையும் கேளிக்கையையும் பெரிதாக எழுதின. வியாபாரிக்கு அவை பொருட்டல்ல என்பது நம் எண்ணம். பொய்க் கொட்டேஷன் தாள்களையே நாம் பார்க்கவேண்டும். அவற்றுக்கும், பெட்டியடியில் தேநீருக்கு நடுவே நாம் சாப்பு அடித்துக் கொடுத்த தாளுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே கடை பொய், இங்கே கடை மெய். ஆனால் இரண்டு தாள்களும் வாங்குகிறவரிடம் சொல்வது ஒன்றே: "நாங்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு இவ்விலைக்கு வந்தோம்." அது நடக்காத ஒன்று.

சிங்கப்பூரின் 2004-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வியாபாரிகள் பேசிவைத்து டெண்டர் கொடுப்பதைத் தடுக்கிறது. டெண்டர் கிடைத்தவர் மட்டுமே குற்றவாளி என்று நினைப்பது தவறு. தோற்பதற்கென்றே விலை கொடுத்தவரும் அப்பேச்சில் பங்காளிதான். 2010-இல் இவ்விதம் விலை பேசிவைத்ததற்காக 14 மின்வேலைக் கம்பெனிகளுக்கு மொத்தம் 187,000 வெள்ளிக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதமோ இன்னும் கடுமை: குற்றம் நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், மூன்று ஆண்டு வரை, சிங்கப்பூர் வியாபார வரவில் நூற்றுக்குப் பத்து. இலாபத்தில் அன்று, மொத்த வரவில். மளிகையும் ஜவுளியும் விற்பவர்க்கு நூற்றுக்குப் பத்து என்பது எவ்வளவு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இனி, துணைக் கொட்டேஷன் இல்லாமல் நாமே நேர்மையாக டெண்டர் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழுக்கும் இடங்கள் உண்டு. "இக்கம்பெனியின் ஏஜண்டு நாங்கள்", "சரக்கு கையிருப்பில் உள்ளது", "ஆறு வாரத்தில் கொடுப்போம்", "இதேபோன்ற சப்ளை முன்னும் செய்திருக்கிறோம்" என்று படிவத்தில் ஒவ்வொரு வரியாக நிரப்புகிறோம். நம் சரக்கே சிறந்தது என்று புகழ்வதைச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏஜண்டு என்பதும் கையிருப்பு என்பதும் அப்படியல்ல. அவை நடந்த, நடக்கும் விஷயங்களைப் பற்றிய கூற்றுகள். அக்கூற்றை நம்பி எதிராளி ஒப்பந்தம் செய்து, அது பொய்யென்று தெரிந்தால், அவர் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம், நஷ்டஈடும் கேட்கலாம். 1967-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமொன்று 1993 முதல் இங்கும் அமலில் இருக்கிறது. அதில் நம்மவர் கவனிக்கவேண்டிய ஒன்று, ருசுப்படுத்தும் பாரம் யார்மேல் என்பது. கூற்று தவறென்று வாதி காட்டிவிட்டால், அதை உண்மையென நம்புவதற்கு ஒப்பந்தம் ஆகும்வரை தமக்குத் தக்க காரணம் இருந்ததென்று கூறியவரே நிரூபிக்கவேண்டும். "கணக்கப்பிள்ளை எழுதிவிட்டார், எனக்குத் தெரியாது" என்பது அங்கே செல்லாது.

தேதி விஷயத்தில் நம்மவர்க்கு அலட்சியம் அதிகம். ஆறு வாரம் என்பது வெறும் வாக்குறுதிதானே என்பர். இங்கிலாந்தில் ஸ்கை டெலிவிஷன் கம்பெனிக்கும் ஈ.டி.எஸ். என்னும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 2010-இல் கிடைத்த தீர்ப்பு, அதற்கு வேறு பதில் சொல்லிற்று. இது சர்க்கார் டெண்டர் அன்று, எனினும் சட்டம் ஒன்றே. வேலையை இன்ன காலத்தில் முடிப்போம் என்று ஈ.டி.எஸ். டெண்டரில் சொன்னது. முறையாகக் கணக்குப் பாராமலே அப்படிச் சொன்னது மோசடி என்று நீதிமன்றம் கண்டது. தேதி சொல்லும்போது, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம் என்ற கூற்றும் அதனுள் அடங்கியிருக்கிறதல்லவா? நஷ்டஈடு 3 கோடி பவுனுக்கு மேல் போகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு இருந்தது. மோசடி என்றானபின் அந்த வரம்பு காக்கவில்லை. இறுதியில் 31 கோடியே 80 இலட்சம் பவுனுக்குச் சமாதானமாயினர். இவ்வழக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஈ.டி.எஸ். தரப்பின் முக்கிய சாட்சி தமக்கு எம்.பி.ஏ. பட்டம் இருப்பதாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அதே இடத்தில் ஒரு நாயின் பெயருக்குப் பட்டம் வாங்கிவந்து நீதிமன்றத்தில் காட்டினார். அதன்பின் அச்சாட்சியின் மற்ற பேச்சை யார் நம்புவர்?

எழுதும்போது உண்மையாயிருந்தது பின்னர் மாறிவிட்டாலும் பொறுப்பு உண்டு. டெண்டர் முடியும் நாளுக்கும் ஒப்பந்தம் கிடைக்கும் நாளுக்கும் இடையே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் வெளிநாட்டு உற்பத்தியாளர் நம் ஏஜன்ஸியைப் பறித்துக்கொண்டால், வாய்மூடி இருத்தல் கூடாது. மாற்றத்தை எதிராளிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1936-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உடனே எழுத்து மூலம் அறிவித்து, அதன் பிரதியைக் கோப்பில் வைப்பது நல்லது.

கோர்ட்டைவிடச் சிறு வியாபாரி அஞ்சவேண்டியது இன்னொன்று. நிதியமைச்சின் கீழ் ஒரு தடைவிதிப்புக் குழு இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்தவர்களும், ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டவர்களும் குறிப்பிட்ட காலத்துக்குச் சர்க்கார் டெண்டரில் கலந்துகொள்ளாதபடி அது விலக்கிவைக்கும். இத்தடை கம்பெனியின் பெயரோடு நிற்காமல் டைரக்டர்களையும் பங்காளிகளையும் தொடரும். அண்ணன் தம்பி மூவரும் ஒருவர் கம்பெனியில் மற்றவர் டைரக்டராக இருப்பது நம்மவர் வழக்கம். ஒருவர் எழுதிய ஒரு வரியால் மூன்று கடைகளும் வெளியே நிற்க நேரலாம்.

உறவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-இல் தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்குச் சைக்கிள்களை 57,200 வெள்ளிக்கு வாங்கியபோது, டெண்டர் திறந்திருந்த காலம் குறைவு, விலை கொடுத்தவரும் ஒருவரே. சைக்கிள் கடைக்காரரோடு தமக்கிருந்த பழக்கத்தைப் பற்றித் தணிக்கையாளரிடம் பொய் சொன்னதற்காக ஓர் அதிகாரிக்கு 2014-இல் 5,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பழக்கம் இருந்ததற்காக அன்று, மறைத்ததற்காக. கடையநல்லூரும் தென்காசியும் நாகூரும் காரைக்காலும் இங்கே எல்லா இலாகாவிலும் இருக்கக்கூடும். தெரிந்தவர் என்றால் முன்கூட்டியே தெரிவித்துவிடுவதில் நஷ்டமில்லை.

நேர்மையாக விலை போட்டு, பொய் சொன்னவரிடம் தோற்றவர் என்ன செய்வது? அங்கத்தினர் பலர் புலம்புவதோடு விட்டுவிடுகின்றனர். டெண்டர் கொடுத்தவர்களின் பெயரும் விலையும் ஜெபிஸ் என்னும் இணையவாசலில் வெளியாகின்றன. வென்றவர் தம்மை ஏஜண்டு என்று சொன்னது பொய்யென்று நமக்குத் தெரிந்தால், உற்பத்தியாளரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி, டெண்டர் கேட்ட இலாகாவுக்கு உடனே எழுதலாம். "அவர் மோசடிக்காரர்" என்று எழுதாமல், "உற்பத்தியாளர் இன்ன தேதியில் இப்படி எழுதியுள்ளார், பிரதி இணைப்பில்" என்று மட்டும் எழுதுவது வக்கீல் செலவை மிச்சப்படுத்தும். சிங்கப்பூர் 1997-இல் உலக வர்த்தக நிறுவனத்தின் கொள்முதல் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கென இயற்றிய சட்டத்தின்படி முறையிட ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. பெரிய தொகையுள்ள, உடன்படிக்கைக்கு உட்பட்ட டெண்டர்கள் மட்டுமே அங்கே செல்லும், தவணையும் குறைவு. லஞ்சம் நடந்ததென்றால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது.

விலை பேசிவைக்கும் கூட்டத்தில் முன்பே சிக்கிக்கொண்டவர்க்கும் ஒரு வழி உண்டு. விசாரணை தொடங்குமுன், மற்றவர்க்கு முந்திச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் சென்று உள்ளதை உள்ளபடி கூறி முழுதும் ஒத்துழைக்கும் முதல்வர்க்கு அபராதம் முற்றிலும் நீங்கக்கூடும். இரண்டாமவர்க்கு அப்படியன்று.

பெட்டியடியில் காத்திருக்கும் ஊர்க்காரருக்கு வருவோம். அச்சரக்கு நாமும் விற்பதாயின், "நானும் டெண்டர் போடுகிறேன், என் விலையை நானே போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். விற்காததாயின் கொட்டேஷனே வேண்டியதில்லை. அவர் தம் விலையைச் சொல்ல வாயெடுத்தால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். கேட்டுவிட்டால், பிறகு நாம் போடும் விலை நாமே கணக்கிட்டது என்று ருசுப்படுத்துவது மிகக் கடினம்.