நிலம் பற்றிய வாக்குறுதியும் முரண்தடையும்

நிலத்தின் மீதான உரிமை எழுத்தில் அமைந்து பதிவும் பெற வேண்டும் என்பது பொது விதி. ஆயினும், ஒருவர் வாய்மொழியாகத் தந்த உறுதியையோ அரசு அலுவலகத்தின் கடிதத்தையோ நம்பி வீடு கட்டியவர்களும் பள்ளி எழுப்பியவர்களும் நம் நாட்டில் பலர். உறுதி தந்தவர் பின்னர் மனம் மாறினால், நம்பியவருக்குப் புகலிடம் உண்டா? உண்டு என்று கூறும் கோட்பாடே முரண்தடை.

1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இதனை வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் இது 121-ஆம் பிரிவாகும். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைத் தனதென நம்பவைத்து விற்றவர், பின்னர் அந்நிலம் தமக்கு உரியதானதும், "விற்றபோது எனக்கு உரிமை இல்லை" என்று கூறி விற்பனையை மறுக்க முடியாது. ஆனால் இப்பிரிவு நிலவும் உண்மைகளைப் பற்றியது; "பின்னர் தருவேன்" என்னும் வாக்கு இதனுள் அடங்காது. அக்குறையை நீதிமன்றங்களே நேர்மை நெறியால் நிறைவு செய்தன.

இதற்குப் பம்பாய் வழக்கு சிறந்த சான்று. 1865-இல் பம்பாய் அரசு, பழைய சந்தைகளை அகற்றுமாறு நகராட்சியைக் கேட்டது. மாற்றிடம் அளிக்க இசைந்து, சந்தை பொதுமக்கள் நலனுக்கானது ஆதலின் வாடகை வேண்டியதில்லை என்றும் தீர்மானித்தது. நகராட்சி பழைய இடங்களை விட்டு நீங்கி, புதிய சந்தைகளுக்கு ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய் செலவிட்டது. ஆனால் சட்டம் வேண்டிய முறைப்படி மானியப் பத்திரம் எழுதப்படவேயில்லை! முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1940-இல், கலெக்டர் அந்நிலத்துக்குத் தீர்வை விதித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1951-இல் தீர்ப்பு மாநகராட்சிக்குச் சாதகமாக அமைந்தது. நெடுங்காலம் வாடகையின்றி உரிமையுடன் அனுபவித்ததால் தீர்வை விதிக்க இயலாது என்றது பெரும்பான்மை. நீதிபதி சந்திரசேகர ஐயரோ, அரசு தன் வாக்கிலிருந்து பின்வாங்கலாகாது என்ற நேர்மை நெறியையே அடிப்படையாகக் கொண்டார். நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி இதற்கு மாறுபட்டார். பிற்காலத்தில் வளர்ந்தது சந்திரசேகர ஐயரின் கருத்தே என்பது குறிப்பிடத்தக்கது.

தனியாரிடையே எழும் வழக்குகளில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பெரிதும் துணைபுரிகிறது. உரிமையாளரின் அனுமதியை நம்பி ஒருவர் தம் செலவில் நிலையான கட்டடம் எழுப்பினால், அவ்வனுமதியைத் திரும்பப் பெற இயலாது. பிஷன் நாராயண் இன்டர் கல்லூரி வழக்கில் (1987) இவ்விதியே அப்பள்ளியைக் காத்தது. சொத்தைப் பின்னர் விலைக்கு வாங்கியவராலும் அதனை வெளியேற்ற முடியவில்லை. தற்காலிகக் கொட்டகைக்கும் ஆக்கிரமிப்பாளருக்கும் இப்பாதுகாப்பு இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தின்பேரில் நிலத்தைச் சுவாதீனம் பெற்றவரைச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53அ பிரிவு காக்கிறது. இதற்கு ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிவும் கட்டாயம். இது கேடயமேயன்றி வாளன்று. இதனைக் கொண்டு உரிமையாளர் எனத் தம்மை அறிவிக்குமாறு ஒருவர் வழக்குத் தொடுக்க இயலாது.

சட்டம் வெளிப்படையாகத் தடுத்துள்ள ஒன்றை அதிகாரி ஒருவர் வாக்களித்திருந்தால், அங்கு முரண்தடை செல்லாது. ஆதலின் அரசு நிலம் பற்றிய கடிதம் ஒன்றைப் பெறுபவர், அதில் கையெழுத்திட்டவருக்கு அவ்வதிகாரம் உண்டா என்பதைக் கட்டடம் தொடங்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.