திருவேடமும் மெய்ம்மையும்

போரிற் பலகாலுந் தோற்ற முத்தநாதன், வெண்ணீறு பூசிச் சடைமுடித்து, ஆகமச் சுவடியெனக் காட்டிய கட்டினுட் படையை மறைத்துத் திருக்கோவலூர் புக்கான். சேதியர் கோமானாகிய மெய்ப்பொருள் நாயனார் அவனை உயர்ந்த தவிசில் இருத்தித் தாம் தரையிலமர்ந்தார். அவர் வணங்கும்பொழுது, கட்டவிழ்ப்பான்போற் காட்டிக் குத்தினான். வாளோங்கிய தத்தனை நாயனார் தடுத்து, பகைவனை ஊறின்றி நகர்கடத்துமாறு பணித்தார்.

நாயனார் ஏமாந்தனரோ எனின், அற்றன்று. அடியார் திருவேடம் இறைவன் விளங்குமிடமாகலின் வழிபடற்பாலதென்பது சிவஞானபோதம் 12-ஆஞ் சூத்திரக் கருத்து. அவர் வணங்கியது அத்திருவேடத்தையே. வேடத்தை மெய்யெனக் கொள்ளுதல் காண்பார் கடன். மெய்யாக்குதல் அணிந்தார் கடன். நாயனார் தங்கடனை உயிர்கொடுத்து முடித்தார்.

அவையிலும் மடத்திலும் நீறணிந்து வணக்கம் பெறும் நாம், நம் சுவடிக்கட்டினுள் யாது வைத்துள்ளோமென நாமே அவிழ்த்து நோக்கற்பாலம்.