சினைக்கு முன்னரே பசுவைப் பேணுதல்

பசு சினைப்பட்ட பிறகு நல்ல தீனி கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம். சினைக்கு முன்னரே அதைத் தொடங்குதல் அவசியம் என்பதைப் பலர் உணர்வதில்லை. சென்னையில் மயிலாப்பூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் கறவை மாடு வைத்திருப்போரும், கிராமங்களில் நிலமுடையோரும், பெரும்பாலும் உறைவிந்துக் குச்சியைக் கொண்டே பசுக்களுக்குச் சினையூட்டுகின்றனர். அதனால் காளையின் வமிசத்தை விசாரிக்கும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. அது நன்றே. ஆயினும் பசுவின் நிலையையும் அதற்குக் குறையாமல் கவனித்தல் வேண்டும். காரணம் வருமாறு:

உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் பொருளில் குலக்குணங்கள் மரபணுக்களாக அமைந்துள்ளன. டி.என்.ஏ.வின் மேல் மீத்தைல் என்னும் நுண்பொருள் ஒட்டினால், அவ்விடத்து மரபணு பெரும்பாலும் இயங்காது அடங்கிவிடும். பத்திரத்தின் வாசகத்தைத் திருத்தாமல் அதன்மேல் முத்திரை குத்தி நிறுத்திவைப்பது போன்றது இது.

விந்தணுவும் முட்டையும் உண்டாகுங்கால் பழைய முத்திரைகள் பெரும்பாலும் அழிந்து, புதியவை இடப்படுகின்றன. விந்தில் விழும் முத்திரை வேறு. முட்டையில் விழும் முத்திரை வேறு. இரண்டும் கூடினாலன்றிக் கரு நிறைவாக வளராது. இவ்வுண்மை 1984ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் அஸீம் சுராணி குழுவினரும், அமெரிக்காவில் மெக்கிராத், சோல்ட்டர் ஆகியோரும் சுண்டெலிகளில் செய்த சோதனைகளால் வெளிப்பட்டது.

முட்டைக்குரிய முத்திரைகள், அது சினைப்பையில் பருத்து வளரும் காலத்தில் இடப்படுகின்றன. மீத்தைல் உண்டாவதற்கு மெத்தியோனின், ஃபோலேட், பி12 வைட்டமின் ஆகியவை தேவை. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், சினைக்கு எட்டு வாரம் முன்பிருந்து பெண்ணாடுகளுக்கு இச்சத்துக்கள் குறைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் கருக்கள் நன்கு தீனியுண்ட வேறு ஆடுகளுக்கு மாற்றப்பட்டன. அப்படியிருந்தும், வயிற்றில் வளர்ந்த கருக்களில் மீத்தைல் முத்திரைகள் மாறியிருந்தன. பிறந்த குட்டிகள் வளர்ந்தபின் அவற்றில் கொழுப்பும், குறிப்பாகக் கிடாக்களில் இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தன. பிந்திய தீனி முந்திய குறையை ஈடுசெய்யவில்லை. இச்சோதனை ஆட்டில் நடந்ததாயினும், மாடும் அசைபோடும் பிராணியாதலால் இதைப் படிப்பினையாகக் கொள்ளலாம்.

ஆகவே மாடு வைத்திருப்போர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. பசு ஈன்ற நாள் முதல் மறுசினை வரையில் பசுந்தீவனம், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றைக் குறைக்கலாகாது. எலும்பு தெரிய மெலிந்த பசுவைத் தேற்றிய பின்னரே சினையூட்டுக.

2. தாது உப்புக் கலவையில் கோபால்ட் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குக. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினை உண்டாக்குவதற்கு அது வேண்டும்.

3. சினையூட்டிய தேதியையும் விந்துக்குச்சியின் எண்ணையும் குறித்துவைக்க. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை எடுத்துச் சொல்லி ஊக்குவிக்கலாம்.

4. சோதனைக்குழாயில் உண்டாக்கிய கருவைப் பசுவுக்கு வைத்திருந்தால், முத்திரை குலைந்து கன்று அளவுமீறிப் பருத்தலும் சில வேளை உண்டு. ஈனும் நாளுக்கு முன்னரே கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். தாமதித்தால் பசு, கன்று இரண்டையும் இழக்க நேரிடும்.

உயர்ந்த காளையின் விந்தும், மெலிந்த பசுவிடத்தில் முழுப்பயன் தராது.