பெற்றாருக்குத் துணைநிற்றல்: கிராமத் தொண்டர்களுக்கான ஒரு பாடம்

பாடத்தின் நோக்கம்

எமது கிராமங்களிலும் மீள்குடியேற்றப் பகுதிகளிலும் வீடு வீடாகச் சென்று பெற்றாரைச் சந்திக்கும் தொண்டர்கள் பலர் உள்ளனர். முன்பள்ளி ஆசிரியைகள், மாதர் சங்க உறுப்பினர், மறைக்கல்வி ஆசிரியர், இளைஞர் எனப் பலரும் இப்பணியில் இறங்குகின்றனர். இவர்களிடம் நல்ல மனம் நிறைய உண்டு. ஆனால் நல்ல மனம் மட்டும் இப்பணிக்குப் போதாது. எப்போது செல்வது, எதைக் கேட்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பவற்றைப் பழகிக்கொள்ளவும் வேண்டும்.

இப்பாடம் தொண்டர்களுக்காக எழுதப்பட்டதாயினும் பெற்றாரும் இதனை வாசித்தல் நன்று. உங்கள் வாசலுக்கு வருபவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு பெற்றாருடையது என்றும், அப்பொறுப்பை நிறைவேற்ற அரசு அவர்களுக்கு உதவ வேண்டும் என்றும் அதன் 18ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே பெற்றாருக்குக் கிடைக்கும் துணை எவரும் இடும் பிச்சையன்று.

இப்பாடத்தில் நாம் முதன்மையாகக் கற்கவேண்டியது ஒன்றே. தாய் தகப்பனின் மதிப்பைப் பிள்ளையின் கண்முன் குறைக்கும் எந்த உதவியும் அக்குடும்பத்துக்கு உதவியாகாது.

இடப்பெயர்வு பெற்றாரிடமிருந்து எடுத்தது என்ன?

கமக்காரக் குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பு என்று தனியாக ஒரு பாடம் இருந்ததில்லை. தகப்பன் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறும்போது பிள்ளை வரம்பில் நின்று பார்த்தது. தாய் நெல் அவிக்கும்போது அருகிலிருந்து கதை கேட்டது. மாட்டை அவிழ்த்துக் கட்டவும், விதைக்கு நெல் எடுத்து வைக்கவும், மழைக்குறி பார்க்கவும் அப்படியே கற்றது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அந்த வயலிலும் தோட்டத்திலும் பிள்ளையின் மனதில் வேரூன்றியது.

முகாமில் அதே தகப்பன் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றார். எப்போது சாப்பாடு, எங்கே படுக்கை என்பவற்றை வேறு யாரோ தீர்மானித்தனர். தகப்பனை ஓர் உத்தியோகத்தர் அதட்டுவதையும் அவர் தலைகுனிந்து நிற்பதையும் பிள்ளை கண்டது. தரப்பாள் கொட்டிலில் தாய் தகப்பன் சண்டையிட்டால் பக்கத்துக் கொட்டிலுக்கும் கேட்டது. காணியோடும் வீட்டோடும் சேர்த்து, பெற்றார் என்ற தகுதியிலும் ஒரு பங்கு பறிபோனது.

இது ஒரு தலைமுறையோடு முடிந்த கதையுமன்று. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழும்பினர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடி, ஈற்றில் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களை அடைந்தனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. 1995இல் எட்டு வயதில் தாயின் சேலையைப் பிடித்து நடந்த பிள்ளை இன்று வளர்ந்த பிள்ளைகளின் தாய். 2009இல் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளை இன்று கைக்குழந்தையோடு இருக்கும் தகப்பன். நாம் சந்திக்கும் பெற்றாரிற் பலர், பெற்றார் நிலைகுலைந்து நின்ற காலத்திற் பிள்ளைகளாய் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

சந்திப்புக்கு முன்

1. நேரத்தை அறிந்து செல்க. காலபோக விதைப்பு, அரிவு வெட்டு, சூடடிப்புக் காலங்களில் நீண்ட சந்திப்பு வைக்கலாகாது. கூலிக்குப் போகும் வீட்டுக்கு மாலையில் அல்லது ஞாயிறு பிற்பகலிற் செல்லலாம்.

2. முதலில் அனுமதி கேட்க. "இப்ப கதைக்க நேரமிருக்கோ, இன்னொரு நாளைக்கு வரட்டோ?" என்ற ஒரு வார்த்தை, இது உங்கள் வீடு என்பதை அந்தத் தாய்க்கு உணர்த்தும்.

3. கொப்பியும் பேனையும் முதற் சந்திப்பில் வெளியே வரவேண்டாம். எமது மக்கள் பதிவுகளால் களைத்துப்போனவர்கள். எழுதுபவரைக் கண்டால் நிவாரணம் வரப்போகிறது என்று எண்ணுவர், அல்லது விசாரணை என்று அஞ்சுவர்.

4. கொடுக்க முடியாததை வாக்களிக்க வேண்டாம்.

5. தகப்பனையும் அம்மம்மா, அப்பப்பாவையும் விட்டுவிட வேண்டாம். பெற்றார் கூட்டம் என்றால் தாய்மார் கூட்டம் என்றே பல இடங்களில் ஆகிவிட்டது. தகப்பனோடு கதைக்க வேலியடைக்கும் இடத்துக்கோ கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கோ செல்ல வேண்டியிருந்தால் அங்கே செல்க.

கேட்கப் பழகுதல்

கீழே இரண்டு உரையாடல்கள் பயிற்சிக்காகத் தரப்படுகின்றன. பள்ளிக்கு ஒழுங்காக வராத ஒரு சிறுவனின் வீட்டுக்குத் தொண்டர் செல்கிறார்.

முதலாவது:

தொண்டர்: "அக்கா, மகன் பள்ளிக்கு ஒழுங்காய் வாறதில்லையெண்டு ரீச்சர் சொன்னவ. இப்பிடி விட்டால் அவன்ரை எதிர்காலம் என்ன?"

தாய்: "ஓம் தங்கச்சி, இனி அனுப்புறன்."

இரண்டாவது:

தொண்டர்: "அக்கா, விடிய எழும்பினால் உங்களுக்கு என்னென்ன வேலை?"

தாய்: "நாலு மணிக்கு எழும்பித் தண்ணி அள்ளோணும். ஆறு மணிக்குக் கூலிக்கு ஆக்களை ஏத்த உழவு மெசின் வந்திடும். சின்னவளை ஆரிட்டை விடுறது? பெரியவன்தான் பாக்கிறான்."

தொண்டர்: "அவன் பாக்கிறதாலைதான் உங்களாலை வேலைக்குப் போகக்கூடியதாய் இருக்கு."

தாய்: "ஓம் தங்கச்சி. அவன் படிக்கிற பிள்ளை. அதுதான் நெஞ்சுக்குள்ளை கிடந்து அரிக்குது."

முதலாவது உரையாடலில் தாய் ஓம் என்றார். ஆனால் மறுநாளும் சிறுவன் பள்ளிக்குச் செல்லமாட்டான். ஏனெனில் சின்னவளைப் பார்க்க ஆளில்லை என்ற உண்மை வெளிவரவேயில்லை. இரண்டாவதில் தாய்க்குப் படிப்பின் அருமை தெரியும் என்பதும், தடையாக இருப்பது வேறொன்று என்பதும் விளங்குகின்றன. இனி, சின்னவளைக் காலையில் யாரிடம் விடலாம், முன்பள்ளி எத்தனை மணிக்குத் திறக்கும், அயலிலுள்ள ஆச்சி உதவுவாரா என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். தீர்மானம் எடுப்பவர் தாய்.

ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பள்ளிக் கல்வி கட்டாயம் என்ற ஒழுங்கு 2016ஆம் ஆண்டு முதல் உண்டு. அதனைப் பெற்றாருக்குத் தெரிவித்தல் எம் கடமை. அதனைக் காட்டி அச்சுறுத்தினால் அடுத்த முறை படலை திறக்காது.

நடந்த துயரங்களைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதனையே வலியுறுத்துகின்றது. பார்த்தல், செவிமடுத்தல், உரிய உதவியோடு தொடர்புபடுத்தல் என்ற மூன்றே அதன் அடிப்படைகள். காணாமற்போன மகனைப் பற்றித் தாய் தானாகக் கதைத்தால் அமைதியாகக் கேட்க வேண்டும். கதைக்காவிட்டால் கிண்டிக் கேட்க வேண்டாம்.

உள்ளதைக் கண்டுபிடித்தல்

பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்று சில நாட்கள் வாடும். கமக்காரர் அதனைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதில்லை. மாலையில் நட்டு, தண்ணீர் ஊற்றி, வெயிலுக்கு மறைப்பு வைப்பார். இடம்பெயர்ந்த பிள்ளையும் அப்படியே. சிறு பிள்ளைகள் தாயைவிட்டு அகலாதிருத்தல், படுக்கையில் சலம் போதல், இரவில் பயந்து எழும்புதல். பள்ளி செல்லும் வயதில் படிப்பிற் கவனமின்மை, காரணமின்றி வயிற்றுவலி, தலையிடி. வளர்ந்த பிள்ளைகளிடம் கோபம், தனித்திருத்தல் ஆகியன பேரிழப்பின் பின் பொதுவாகக் காணப்படுபவை. பெரும்பாலான பிள்ளைகள் பாதுகாப்பும் ஒழுங்கும் கிடைக்கும்போது படிப்படியாகத் தேறுகின்றனர்.

இங்கே தொண்டர் பெற்றாரிடம் கேட்க வேண்டிய வினா: "பிள்ளை இரவிலை பயந்து எழும்பினால் நீங்கள் என்ன செய்வியள்?" தாய் மடியில் வைத்துத் தடவுவதாகச் சொல்வார். அம்மம்மா நெற்றியில் சிலுவையோ திருநீறோ இட்டுப் படுக்க வைப்பதாகச் சொல்வார். தகப்பன் எழும்பி விளக்கேற்றுவதாகச் சொல்வார். இவை யாவும் நல்ல மருந்துகள். அவற்றை நல்லவை என்று பெயர்சொல்லிப் பாராட்டுதலே தொண்டர் செய்யக்கூடிய பெரிய வேலை. சலம் போனதற்காக அடிக்கவோ மற்றவர் முன் சிரிக்கவோ வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் அதன்பின் மெதுவாகச் சேர்க்கலாம்.

தினமும் ஒரே நேரத்திற் சாப்பாடு, ஒரே நேரத்தில் நித்திரை, மாலைச் செபம், சிறிது விளையாட்டு, வயதுக்கேற்ற ஒரு சிறுவேலை ஆகியன பிள்ளைக்கு நிலையுணர்வைத் தருவன. வாடகைக் காணியானாலும் ஒரு பாத்தி கத்தரியைத் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து நடட்டும். தகப்பனுக்குத் தெரிந்த தொழிலை அங்கே பிள்ளை மீண்டும் காணும்.

கடினமான இரு விடயங்கள்

அடித்தல்: அடியாத மாடு படியாது என்பது எமது வழக்கு. அதனைச் சொல்லும் தகப்பனோடு வாதிட வேண்டாம். "அடிச்ச பிறகு என்ன நடக்குது? அடுத்த நாள் திருந்தினவனோ?" என்று கேட்கலாம். அநேகர் இல்லை என்றே சொல்வர். கோபம் வரும்போது வெளியே சென்று முகம் கழுவி வருதல், பிழையை ஒரு வசனத்திற் சொல்லுதல், நல்லது செய்தபோது கவனித்துச் சொல்லுதல் போன்ற மாற்றுவழிகளை அதன்பின் கதைக்கலாம். எனினும் எல்லையொன்று உண்டு. பிள்ளைகளைக் கொடூரமாக நடத்துதல் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாக்கப்பட்டுள்ளது. காயம், சூடு, பாலியற் துன்புறுத்தல், பட்டினி போடுதல் என்பவற்றைக் கண்டால் தொண்டர் மௌனமாய் இருக்க முடியாது.

குடி: வெறியில் இருப்பவருக்குப் புத்தி சொல்லப் போகலாகாது. அன்றிரவு தாயும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அவரோடு காலையில், தனியாக, மரியாதையோடு கதைக்க வேண்டும். பிள்ளைகள் முன் அவரை ஒருபோதும் அவமதிக்கலாகாது.

இரகசியமும் அதன் எல்லையும்

ஒரு வீட்டிற் கேட்டது அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. செபக் கூட்டத்தில் மன்றாட்டாகவும் போகக்கூடாது. ஆனால் பிள்ளைக்கோ தாய்க்கோ உயிராபத்து அல்லது பெருந்தீங்கு இருந்தால் உரியவருக்கு அறிவிப்போம் என்பதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும், கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரையும் ஒவ்வொரு தொண்டரும் நேரிற் சந்தித்து அறிமுகமாகியிருத்தல் அவசியம். வாரக்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பவர், சாக விரும்புவதாகச் சொல்பவர், பிள்ளையைத் தூக்கவும் மனமற்ற இளந்தாய் ஆகியோரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடன் சென்று காட்ட வேண்டும்.

குழுப் பயிற்சி

மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் தாய் அல்லது தகப்பன், ஒருவர் தொண்டர், ஒருவர் பார்வையாளர். பத்து நிமிடம் கதையுங்கள். அந்நேரத்தில் தொண்டர் ஒரு புத்திமதியும் சொல்லலாகாது. பார்வையாளர் மூன்றைக் கவனிப்பார்: யார் அதிகம் கதைத்தார்? பெற்றார் நன்றாகச் செய்யும் எத்தனை விடயங்கள் வெளிவந்தன? தொண்டர் எங்கே குறுக்கிட்டார்? பின்பு இடம் மாறுங்கள். தொண்டராயிருந்தவர் தாயாக அமர்ந்து கேள்வி கேட்கப்படும்போது எப்படியிருந்தது என்பதைக் குழுவுக்குச் சொல்லட்டும்.

சிந்தனைக்கு

லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்குப் போகும் இரு சீடரை வாசிக்கிறோம். மனமுடைந்து நடந்த அவர்களோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்து நடந்தார். முதலில் அவர்களின் கதையைக் கேட்டார். அதன் பின்னரே பேசினார். வீடு வந்ததும் தாமாக உள்ளே புகவில்லை, அழைத்தபோதே தங்கினார். பெற்றாரிடம் செல்லும் தொண்டருக்கு இந்த ஒழுங்கே போதுமானது.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. இடம்பெயர்ந்த காலத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைப் பற்றிய மதிப்பு எவ்வாறு மாறியது?

2. உங்களுக்கு உதவ வந்தவர்களில் யாருடைய வருகை மனதுக்கு ஆறுதல் தந்தது? அவர் என்ன செய்தார்?

3. உங்கள் கிராமத்தில் தகப்பன்மாரோடு கதைக்க ஏற்ற இடமும் நேரமும் எவை?

4. வேலைக்குப் போகும் தாய்மாரின் சிறு பிள்ளைகளைப் பார்க்க அயலவர் சேர்ந்து என்ன ஒழுங்கு செய்யலாம்? அடுத்த கூட்டத்துக்கு முன் அதில் ஒன்றையாவது தொடங்குங்கள்.