குந்தி உட்காரும் குழந்தை

குழந்தைக்கு மூன்று வயது. அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகளோடு ஓடுவாள். கொஞ்ச தூரம் ஓடியதும் மூச்சு வாங்கும். உடனே குந்தி உட்காருவாள். சற்று நேரம் கழித்து எழுவாள்.

அவள் உதடு நாவல் பழம் தின்றது போல நீலமாக இருக்கும். நகங்களும் நீலம்தான்.

"கிரகணத்தன்று நீ வெளியே வந்தாய். அதனால்தான் இப்படி" என்பார் மாமியார். தாய் பதில் பேசமாட்டாள்.

ஒரு நாள் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வந்தது. டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விரலில் சிறு கருவி மாட்டினார். ரத்தத்தில் பிராணவாயு குறைவு என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே எக்கோ படம் எடுத்தார்கள். அதில் வலி இல்லை.

இதய டாக்டர் சொன்னார்:

"அம்மா, இது பிறவிக் கோளாறு. வயிற்றில் இதயம் உருவாகும்போதே வந்தது. கிரகணத்தால் வராது. உங்கள் மேல் தவறு இல்லை. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகி இருக்கிறது. அதனால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. உடம்பு நீலமாகிறது. குந்தி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும். அது குழந்தை தானே கண்டுபிடித்த வைத்தியம். ஆனால் அது போதாது. அறுவை செய்து ஓட்டையை அடைக்க வேண்டும். வழியை அகலமாக்க வேண்டும். 1944 முதலே இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு."

மாமியார் பயந்தார். "பெண் பிள்ளை ஆயிற்றே! நெஞ்சில் தழும்பு விழுமே. நாளை யார் கட்டிக்கொள்வார்கள்?"

தாய் முதல் முறையாகப் பதில் சொன்னாள்:

"தழும்பு இருக்கட்டும், அத்தை. பிள்ளை இருக்க வேண்டும்."

மாமியார் பேசவில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அறுவை நடந்தது. இப்போது குழந்தையின் உதடு சிவப்பு. ஓடினால் நடுவில் உட்காருவதில்லை. ஆண்டுதோறும் டாக்டரிடம் காட்டுகிறார்கள்.

தெரிந்துகொள்வோம்

• உதடு, நாக்கு, நகம் நீலமானால் டாக்டரிடம் காட்டுங்கள்.
• பால் குடிக்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா? வியர்க்கிறதா? எடை ஏறவில்லையா? அப்போதும் காட்டுங்கள்.
• இந்த நோய் உள்ள குழந்தை திடீரென அதிகம் நீலமானால், முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.
• 2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டம் தொடங்கியது. 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடியில் கேளுங்கள்.

பேசுவோம்

மாமியார் சொன்னது சரியா? தாய் சொன்னது சரியா? ஏன்?