போய் வந்த ஊரெல்லாம் சுவரில்: பெரிய மேப்புக்கு பிரேம் போட்டுப் பரிசளிப்போம்



கல்யாணம், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று வந்துவிட்டால் நாம் என்ன வாங்கிப் போகிறோம்? குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், டிபன் கேரியர். ஒரே வீட்டில் நாலு கடிகாரம் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த மாதப் பாடத்தில், கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒரு பரிசைச் செய்யக் கற்றுக்கொள்வோம். ஒருவர் தன் வாழ்நாளில் போய் வந்த ஊர்களையெல்லாம் ஒரு பெரிய மேப்பில் குறித்து, பிரேம் போட்டு, சுவரில் மாட்டத் தயாராகக் கொடுப்பதுதான் அந்தப் பரிசு. வீட்டுக்கும் செய்யலாம். ஆர்டர் எடுத்து குழுத் தொழிலாகவும் செய்யலாம்.

யாருக்குக் கொடுக்கலாம்?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு போர் போட வடநாடு போகிறவர்கள் உண்டு. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் உண்டு. காசிக்குப் போய் வந்த அம்மா, டெல்லி சரஸ் கண்காட்சியில் குழுவின் பொருளை விற்றுவிட்டு வந்த நம்ம உறுப்பினர், இப்படி எல்லா ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கெங்கே போனார்கள் என்பது பாதிப் பேர் வீட்டில் முழுசாகத் தெரியாது. யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை: கேட்டு எழுதுவது

மேப்பும் பிரேமும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போய் வந்த கதை அவரிடம்தான் இருக்கிறது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு எடுங்கள். ஊர், வருடம், எதற்காகப் போனார், என்ன ஞாபகம் என்று நாலு கட்டம் போடுங்கள்.

உதாரணத்துக்கு, லாரி ஓட்டி ஓய்வு பெறும் அப்பாவிடம் மகள் இப்படிப் பேச்சைத் தொடங்கலாம்:

"ஏம்பா, மொத மொதல்ல லோடு ஏத்திக்கிட்டு எந்த ஊருக்குப் போனீங்க?"

"அது ஆச்சு கண்ணு, முப்பது வருசத்துக்கு மேல. நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு. ஏழாம் நம்பர் ரோட்டுலயே போனோம். வரும்போது ஆரஞ்சு."

ஒரு பதிலில் ஊர், வருடம், சரக்கு, ரோடு எல்லாம் வந்துவிட்டது பாருங்கள். "எங்கெல்லாம் போனீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லா ஊருக்கும்தான் போனேன்" என்று முடித்துவிடுவார். முதல் ஊர் எது, ரொம்ப தூரம் எது, மழையில் மாட்டிக்கொண்டது எங்கே, யார் சாப்பாடு போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திடீர்ப் பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால் அம்மாவிடமும் பழைய கூட்டாளிகளிடமும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் சொல்லும் ரோடு நம்பர் இப்போதைய மேப்பில் இருக்காது. வாரணாசியிலிருந்து நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வந்த ரோட்டுக்கு முன்பு 7 என்று நம்பர். 2010-ல் நாடு முழுக்க நம்பர்களை மாற்றியபோது நாக்பூரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள பகுதி 44 ஆகிவிட்டது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். அவர் பம்பாய் என்பார், மேப்பில் மும்பை என்று இருக்கும். கல்கத்தா என்பார், கொல்கத்தா என்று இருக்கும். நோட்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். "நான் எங்கம்மா போனேன்? அடுப்படியும் காடும்தான்" என்பார்கள். அப்படியே விட்டுவிடாதீர்கள். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி, கரும்பு வெட்டப் போன ஊர், மகளைக் கல்லூரியில் சேர்த்த ஊர், குழுப் பயிற்சிக்குப் போன ஊர் என்று கேட்டுக்கொண்டே போங்கள். பத்துப் பதினைந்து ஊர் சுலபமாக வந்துவிடும். இவர்களுக்கு இந்தியா மேப் வேண்டாம். தமிழ்நாடு மேப் அல்லது மாவட்ட மேப் போதும். அதில்தான் அந்த ஊர்கள் தெரியும்.

சரியான மேப்பைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இந்தியா மேப் என்றால் இவற்றைப் பாருங்கள்:

- தெலங்கானா தனி மாநிலமாக இருக்கிறதா? (2014-ல் பிரிந்தது)
- ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் தனித்தனி யூனியன் பிரதேசமாக இருக்கிறதா? (2019)
- மொத்தம் 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம் இருக்கிறதா?

தமிழ்நாடு மேப் என்றால் 38 மாவட்டம் இருக்க வேண்டும்.

நாட்டின் எல்லைக்கோடு விஷயத்தில் விளையாடக் கூடாது. சர்வே ஆஃப் இந்தியா, அதாவது இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட மேப்புக்கு மாறாக இந்திய எல்லையைக் காட்டி வெளியிடுவது 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டு விற்காதீர்கள். அந்தத் துறையின் மேப்பையோ, அதைப் பின்பற்றி அச்சான மேப்பையோ வாங்குங்கள்.

தெரிந்துகொள்வோம்: சர்வே ஆஃப் இந்தியா 1767-ல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் டேராடூனில் இருக்கிறது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய அளவை வேலை 1802-ல் நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி இரும்புச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோட்டை முதலில் அளந்தார். அந்தக் கோட்டை வைத்துத்தான் மற்ற அளவெல்லாம் விரிந்தன.

எவ்வளவு பெரிது?

மேப்பின் ஓரத்தில் 1:40,00,000 என்று போட்டிருந்தால், மேப்பில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 40 கிலோமீட்டர். இந்தியா வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. நாற்பதால் வகுத்தால் சுமார் 80 செ.மீ. உயரம், 73 செ.மீ. அகலம் வருகிறது. ஓரத்தையும் சேர்த்தால் தாள் கிட்டத்தட்ட 100-க்கு 90 செ.மீ. இருக்கும். மூன்றடிச் சுவர் காலியாக இருந்தால்தான் இதை மாட்ட முடியும். பரிசு வாங்குபவர் வீட்டுச் சுவரையும் வாசல்படியையும் முதலில் அளந்துவிடுங்கள்.

பலகையும் கண்ணாடியும்

குண்டூசி குத்தி நூல் கட்ட வேண்டுமென்றால் சாஃப்ட் போர்டு வேண்டும். பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் போட்டிருப்பார்களே, அதுதான். சாஃப்ட் போர்டுக்கு பலம் கிடையாது. அதனால் பின்னால் மெல்லிய பிளைவுட்டோ ஹார்டுபோர்டோ கொடுத்து, சுற்றிலும் மரச்சட்டம் அடிக்க வேண்டும். மாட்டும் கொக்கியை மரச்சட்டத்தில்தான் திருக வேண்டும், போர்டில் திருகினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கண்ணாடி போட்டால் ஊசி குத்த முடியாது. கனமும் கூடும். இந்த அளவுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டும் ஆறே முக்கால் கிலோ வரும். பஸ்சில் கொண்டுபோகும்போது உடையும் பயம் வேறு. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடாக இருந்து, ஊசி வேண்டாம் என்றால் மட்டும் கண்ணாடி போடுங்கள். அப்போது ஊருக்கு ஊர் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடலாம். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் கனமான அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஒட்டும் முறை

1. மேப் சுருட்டி இருந்தால் ஒரு நாள் முழுக்க மட்டமாக விரித்து, மேலே கனம் வைத்து நிமிர்த்துங்கள். மடித்து வைத்த மேப்பை வாங்காதீர்கள், மடிப்புக் கோடு போகாது.

2. ஓரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வைத்துப் பாருங்கள். மை கலைந்தால் அந்த மேப்புக்குத் தண்ணீர் கலந்த பசை ஆகாது. வேறு மேப் பாருங்கள்.

3. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து போர்டில் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். சாஃப்ட் போர்டு பசையை உறிஞ்சும், அதற்காகத்தான் இந்த முதல் பூச்சு. பிறகு இரண்டாவது பூச்சு பூசுங்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கிற பழக்கம் உண்டு. பூச்சி வராது என்பது உண்மைதான். ஆனால் அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

4. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேப்பைப் பிடிக்க, மற்றவர் மேல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மடித்த துணியால் நீவ வேண்டும். காற்றுக் கொப்புளம் நின்றுவிட்டால் மெல்லிய ஊசியால் குத்தி அழுத்துங்கள்.

5. பலகையின் பின்பக்கமும் இதே பசையால் பழைய தாள் ஒட்டுங்கள். ஈரத்தாள் காயும்போது இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும்.

6. மேலே பாலிதீன் தாள், அதன்மேல் பலகை, அதன்மேல் அரிசி மூட்டை வைத்து ஒரு இரவு விடுங்கள். காய்ந்த பிறகு ஓரத்தை இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் நறுக்குங்கள்.

7. சாமி படத்துக்கு பிரேம் போடும் கடையில் பீடிங் அடித்துக்கொள்ளுங்கள். நாலு மூலையும் இடுக்கு தெரியாமல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் காசு கொடுங்கள்.

ஊசியும் நூலும்

நிறத்துக்கு ஒரு பொருள் வையுங்கள். வேலைக்குப் போனது சிவப்பு, கோயிலுக்குப் போனது மஞ்சள், சொந்தபந்தத்தைப் பார்க்கப் போனது பச்சை. ஊருக்கு ஒரு குண்டூசி, ஊசிக்கு ஊசி எம்பிராய்டரி நூல். ரோடு வளைகிற இடத்தில் நடுவில் ஒரு ஊசி குத்தினால் நூலும் வளைந்து போகும். கீழ் மூலையில் சின்ன அட்டையில் எந்த நிறம் எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள். நோட்டில் எழுதியதிலிருந்து பத்து வரியைப் பொறுக்கி, "நாக்பூர், முதல் லோடு, ஜவ்வரிசி" என்பது போலச் சின்னச் சீட்டாக அந்தந்த ஊர்ப் பக்கத்தில் வைக்கலாம்.

தூரம் பார்க்க நூலே போதும். சென்னைக்கும் டெல்லிக்கும் நேராக நூல் பிடித்தால் சுமார் 44 செ.மீ. வரும். நாற்பதால் பெருக்கினால் 1,760 கி.மீ. இது காக்கை பறக்கிற தூரம். ரோட்டில் இன்னும் கூடும்.

மாட்டும்போது

செங்கல் சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்குரூ முடுக்குங்கள். ஒரே ஆணியில் தொங்கவிடாமல் இரண்டு இடத்தில் மாட்டினால் சாயாது. மண்சுவரில் ஆணி நிற்காது, விட்டத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், நிறம் வெளுக்கும். ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். எந்தச் சுவரானாலும் பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போகும்.

விலை போடும்போது உங்கள் கூலியை மறக்காதீர்கள்

நம்மில் பலர் தோற்பது இங்கேதான். பொருள் வாங்கிய காசை மட்டும் கூட்டி, மேலே நூறு ரூபாய் வைத்து விற்றுவிடுகிறோம். இரண்டு நாள் உழைப்பு இலவசமாகப் போய்விடுகிறது. கணக்குக்காக ஒரு தொகை வைத்துப் பார்ப்போம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேப்: ரூ. 250
போர்டும் பின்பலகையும்: ரூ. 450
பிரேம்: ரூ. 600
குண்டூசி, நூல்: ரூ. 80
பசை: ரூ. 70
கொக்கி, ஸ்குரூ: ரூ. 50
பொதிய அட்டை, கயிறு: ரூ. 50
போக்குவரத்து: ரூ. 100
பொருள் செலவு: ரூ. 1,650
கூலி (2 நாள், நாளுக்கு ரூ. 400): ரூ. 800
மொத்தம்: ரூ. 2,450
சேதாரம், லாபம் 10 சதவீதம்: ரூ. 245
விற்கும் விலை: ரூ. 2,695

கேட்டு எழுதும் நேரமும் வேலைதான். அந்த இரண்டு நாளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் போர்டு வெட்டாதீர்கள். ஒருவர் பயணம் குறித்த மேப்பை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆர்டர் கொடுத்தவர் வாங்காமல் போனால் முழு நஷ்டமும் குழுவுக்குத்தான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் அதிக தூரம் போய் வந்தவர் யார்? எதற்காகப் போனார்?
2. ஒவ்வொருவரும் போன ஊர்களை எண்ணிச் சொல்லுங்கள். "நான் எங்கேயும் போனதில்லை" என்றவர் கணக்கு எத்தனை வந்தது?
3. கடைசியாக விற்ற பொருளுக்கு நம் கூலியைச் சேர்த்தோமா?

வீட்டுப் பாடம்: அடுத்த கூட்டத்துக்குள் உங்கள் வீட்டில் ஒருவரிடம் கேட்டு, நாலு கட்டம் போட்ட நோட்டில் பத்து ஊர் எழுதி வாருங்கள். முதல் மேப்பை யாருக்குச் செய்வது என்று அதைப் பார்த்துக் குழுவாக முடிவு செய்யலாம். வாழ்த்துகள்!