இரசாயனத் தராசும் கமக்காரரின் மண் மாதிரியும்

கமக்காரர் அரைக் கிலோகிராம் மண்ணைப் பொதிசெய்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றனர். சில காலத்தின் பின் பசளைச் சிபாரிசு ஒன்று எழுத்தில் வந்து சேர்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்வது யாது என்பதைப் பலர் அறியார். அதனால், மாதிரி எடுத்தலை அற்ப காரியமாகக் கருதி, வீட்டுக்கு அண்மையிலுள்ள மூலையில் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளி அனுப்புவாரும் உளர். ஆய்வுகூடத்தில் நிறுத்தல் எத்துணை நுட்பமாக நடைபெறுகின்றது என்பதையும், அந்நுட்பம் வீண்போகாதிருக்கக் கமக்காரர் செய்யவேண்டியது யாது என்பதையும் இப்பிரசுரம் விளக்கும்.

சிறிதளவு மண்ணும் பெரிய வயலும்

ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 15 சென்றிமீற்றர் ஆழம் வரையுள்ள மேல்மண்ணின் நிறை ஏறக்குறைய 20 இலட்சம் கிலோகிராம் ஆகும். அதிலுள்ள பொசுபரசை அறிய, 1954 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒல்சன் முறையில் எடுக்கப்படுவது பெரும்பாலும் 2.5 கிராம் மண் மட்டுமே. அதாவது, தராசில் வைக்கப்படும் ஒவ்வொரு கிராம் மண்ணும் வயலிலுள்ள 8 இலட்சம் கிலோகிராம் மண்ணின் சார்பாகச் சாட்சி கூறுகின்றது. அச்சாட்சி பொய்த்தால், அதனைக் கொண்டு இடும் பசளையும் பிழையாகும்.

இம்முறையில் மண்ணானது, நாம் அப்பச் சோடா என வழங்கும் சோடியம் இருகாபனேற்றின் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கப்படும். பின்னர் வடிகட்டிய நீரில் மருந்து சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பொசுபரசு கூடுதலாக இருப்பின் நீலமும் கூடும். ஆயினும், நீலத்தைக் கண்ட மாத்திரத்தில் அளவைக் கூறிவிட முடியாது. பொசுபரசின் அளவு முன்னரே தெரிந்த ‘நியமக் கரைசல்’ ஒன்றின் நிறத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரசாயனத் தராசு எதற்கு?

மண்ணை நிறுப்பதற்குக் கிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு போதுமானது. நியமக் கரைசலுக்கு வேண்டிய உப்பை நிறுப்பதற்கே நுட்பமான இரசாயனத் தராசு இன்றியமையாதது. பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று என்னும் உப்பில் 0.2197 கிராமை ஒரு இலீற்றர் நீரில் கரைத்தால், அந்நீரில் சரியாக 50 மில்லிகிராம் பொசுபரசு இருக்கும். அவ்வுப்பு ஒரு சிட்டிகையளவே. அதில் 22 மில்லிகிராம் குறைந்துவிட்டால் நியமக் கரைசல் பத்தில் ஒரு பங்கு நலிந்துவிடும். அதனோடு ஒப்பிடப்படும் மண்கள் யாவும் உள்ளதிலும் வளமுடையனவாகத் தோன்றும். இப்பிழை ஒரு கமக்காரரோடு நில்லாது, அக்கரைசலைக் கொண்டு சோதிக்கப்பட்ட மாதிரிகளுக்குரிய கமக்காரர் அனைவரையும் சாரும்.

இதனாலேயே மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கை, அதாவது 0.0001 கிராமைக் காட்டவல்ல தராசு வைக்கப்பட்டுள்ளது.

தராசு தொழிற்படும் விதம்

முற்காலத்து இரசாயனத் தராசு இரு தட்டுகளை உடையது. அதன் கோல், அகேற்றுக் கல்லின்மீது கூரிய கத்தி விளிம்பில் தங்கியிருக்கும். ஒரு தட்டில் பொருளையும் மறு தட்டில் சாவணத்தால் பிடித்த படிகளையும் வைத்துச் சமன்செய்வர். இக்காலத்து மின் தராசில் காந்தத்தினிடையே ஒரு கம்பிச் சுருள் உண்டு. பொருள் தட்டை அழுத்த, சுருளில் பாயும் மின்னோட்டம் தட்டை மீண்டும் தன்னிலைக்கு உயர்த்தும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிறை கணிக்கப்படும்.

இத்தராசு புவியின் இழுவையை அளப்பதாகையால், இடம் மாறினால் காட்டும் அளவும் மாறும். யாழ்ப்பாணத்தில் சீர்செய்த தராசை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று அவ்வாறே பயன்படுத்தினால், 100 கிராம் படியைப் பல பத்து மில்லிகிராம் குறைவாகக் காட்டும். எனவே வைத்த இடத்திலேயே நியமப் படியைக் கொண்டு அதனைச் சீர்செய்தல் வேண்டும்.

தராசு அசையாத கல்மேசைமீது, மட்டக் குமிழி நடுவில் நிற்குமாறு வைக்கப்படும். காற்று படாதிருக்கக் கண்ணாடிக் கூடு உண்டு. சூடான பாத்திரத்தை நிறுத்தால், அதனைச் சூழ்ந்த வளி மேலெழுந்து தட்டைத் தூக்குவதால் நிறை குறைவாகத் தோன்றும். ஆகவே அதனை உலர்த்தும் சாடியில் ஆறவிட்ட பின்னரே நிறுப்பர். விரலிலுள்ள எண்ணெய்ப் பசையும் நிறையைக் கூட்டும்.

ஒரு மணிப் பசளை செய்யும் கேடு

இத்துணை கவனமும் ஒரு சிறு காரியத்தால் வீணாகலாம். ரி.எஸ்.பி. பசளையின் ஒரு மணி 20 மில்லிகிராம் நிறையுடையது எனக் கொள்வோம். அதில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் பொசுபரசு உண்டு. பழைய பசளைப் பையில் இட்டு அனுப்பிய அரைக் கிலோகிராம் மண்ணில் அந்த ஒரு மணி கலந்துவிட்டால், ஒவ்வொரு கிலோகிராம் மண்ணுக்கும் 8 மில்லிகிராம் பொசுபரசு மிகையாகக் கணக்கிடப்படக்கூடும். பல பயிர்களுக்கு 10 மில்லிகிராமை அண்டியே மண் குறைவுடையதா, போதுமானதா எனத் தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே பசித்த வயல் பசியற்றதென எழுதப்படும். பசளை இடாத பயிர் வாடும்.

இதற்கு மாறான கேடும் உண்டு. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்கள் பலவற்றில், பல ஆண்டுகளாக மிகையாக இட்ட பசளையினால் பொசுபரசு மண்ணில் திரண்டுள்ளது. வரம்போரத்தில் எடுத்த மெலிந்த மண்ணைக் கொண்டு அத்தகைய தோட்டத்துக்கு மேலும் பசளை இட்டால், பணம் விரயமாவதுடன் மழைநீரோடு பசளையும் ஓடைகளைச் சேரும். தராசானது தன்மீது வைத்த மண்ணைப் பற்றியே உண்மை கூறும். அம்மண் வயலின் உண்மையான மாதிரிதானா என்பதை அது அறியாது.

மாதிரி எடுக்கும் முறை

1. பசளை இடுவதற்கு முன்னரே மாதிரி எடுத்தல் வேண்டும்.

2. மேட்டு நிலம், பள்ள நிலம், வெவ்வேறு பயிர் செய்த நிலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மாதிரி எடுக்குக.

3. வரம்பு, எருக்குவியல், மரநிழல், சாம்பல் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்குக.

4. வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் மண் எடுக்குக. ஒவ்வோரிடத்திலும் மேலிருக்கும் புல்லையும் சருகையும் அகற்றி, 15 சென்றிமீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பில் மண்ணைச் சீவி எடுக்குக.

5. யாவற்றையும் சுத்தமான வாளியிலிட்டுக் கட்டிகளை உடைத்துக் கலக்குக. கலந்த மண்ணை விரிப்பில் வட்டமாகப் பரப்பி நான்கு கூறாக்கி, எதிரெதிரான இரு கூறுகளை நீக்குக. அரைக் கிலோகிராம் எஞ்சும் வரை இவ்வாறே செய்க.

6. மண்ணை நிழலில் உலர்த்துக, அடுப்பில் வாட்டலாகாது.

7. புதிய பொலித்தீன் பையில் இட்டு, கமக்காரரின் பெயர், இடம், முன்செய்த பயிர், செய்யவிருக்கும் பயிர் ஆகியவற்றை எழுதி இணைக்குக.

சிபாரிசு கிடைத்த பின்

ஆய்வுகூடம் நிறுத்துக் கூறியதை வயலில் கைமதிப்பாக இடுதல் தகாது. பால்மாத் தகரத்தால் அளப்போர், அத்தகரம் கொள்ளும் பசளையை ஒருமுறையேனும் நிறுத்து, அந்நிறையைத் தகரத்தின்மீது குறித்துவைத்தல் நன்று. யூரியாவும் ரி.எஸ்.பி.யும் ஒரே நிறையுடையன அல்லவாதலால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறித்தல் வேண்டும். வீட்டுத் தராசு சரியானதா என அறிய, ஒரு இலீற்றர் நீரை நிறுத்துப் பார்க்கலாம். பாத்திரத்தின் நிறை நீங்கலாக அது ஒரு கிலோகிராம் காட்டுதல் வேண்டும்.

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்து முன்னரே மாதிரியை எடுத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைப்பீர்களாக.